கொழுந்துத் தராசும் கொழும்பு மென்பொருளும்

பொகவந்தலாவைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், 1980களில், வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய சாமான்கள் குறைவு. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பின்னால் ஒரு பட்டறை இருந்தது. கவ்வாத்துக் கத்தியை அங்கேதான் அடித்தார்கள். கொழுந்து உருட்டும் ரோலரில் ஏதாவது தேய்ந்துபோனால் மாற்றுப் பாகத்தை அங்கேயே கடைந்தெடுத்தார்கள். பிள்ளைக் காம்பராவின் தொட்டில், நாங்கள் குடியிருந்த லயத்துக் கதவு, கொழுந்து லொறியின் பின்பலகை எல்லாம் தோட்டத்து ஆசாரியின் கைவேலை. ஆபீசுக்குள் போனால் கதை வேறு. ஆட்களின் உழைப்பைக் கணக்கெழுதும் செக்ரோல் புத்தகம் மட்டும் கொழும்பில் அச்சாகி, ஆங்கிலத் தலைப்புகளோடு, தடித்த அட்டை போட்டு வந்து இறங்கும்.

வாங்கிய அந்தப் புத்தகத்தில் அச்சிட்ட கட்டங்கள் எங்கள் தோட்டத்துக்குப் போதவில்லை. பெரிய கிளாக்கர் ஐயா சிவப்பு மையால் ஓரத்தில் கோடிழுத்துப் புதுக் கட்டங்கள் சேர்ப்பார். தீபாவளி முற்பணம், அரிசி, தேயிலைத்தூள், சங்கச் சந்தா, டோபிக்கு, முடிவெட்டுகிறவருக்கு, மரண சகாய நிதிக்கு என்று பிடித்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஓரத்தில் ஏறும். அச்சடித்தவருக்கு எங்கள் வாழ்க்கை தெரியாது. கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியும். புத்தகத்தின் நடுப்பகுதி வாங்கியது, ஓரம் செய்தது. சம்பள நாளன்று அம்மாவின் கைக்கு எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானித்தது அந்த ஓரம்தான்.

இன்று நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆட்கள் பெருகப் பெருக உள்வேலைக்கென்றே பல மென்பொருள்கள் தேவைப்படுகின்றன. லீவு கேட்க ஒன்று, சம்பளம் போட ஒன்று, வாடிக்கையாளரின் முறைப்பாட்டைப் பதிய ஒன்று, எழுதிய நிரலைச் சோதித்து வெளியிட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் கூடும். "நாமளே எழுதிரலாம் அண்ணே, ரெண்டு கெழம வேலை" என்பார்கள் இளையவர்கள். "வாங்கிப் போடுவோம், தலையிடி மிச்சம்" என்பார்கள் கணக்குப் பிரிவில். கணினியோடு பிறந்த வாதம் இது என்று அவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் மலைக்கு இது நூற்றைம்பது வருடப் பழசு.

ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, தேயிலை இயந்திரம் விற்க இந்தத் தீவில் யாரும் இல்லை. பங்களா வராந்தா மேசையில் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் காயவைத்தார். 1872 வாக்கில் தொழிற்சாலை ஒன்றும், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் உருட்டு இயந்திரம் ஒன்றும் தானே அமைத்துக்கொண்டார். அசாமில் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன், தன் தேவைக்கென்று காயவைக்கும் இயந்திரம் செய்யப் போய், 1881 இல் பெல்பாஸ்ட் நகரில் சிரோக்கோ தொழிற்சாலையையே திறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தோட்டத் துரை தன் பட்டறையில் சொந்தமாக ரோலர் செய்தால் அது வீண்வேலை. ஜாக்சன் என்பவரின் ரோலரும் டேவிட்சனின் சிரோக்கோ இயந்திரமும் கப்பலேறி வந்து எல்லாத் தோட்டங்களிலும் ஒரே மாதிரி ஓடின. விற்க ஆள் இல்லாதபோது செய், விற்க ஆள் வந்ததும் வாங்கு என்பது அந்தத் துரைமாரின் வழி. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது சரியான வழி என்றே நானும் சொல்வேன்.

தேயிலையின் மறுமுனையிலும் இதே கதை நடந்தது, இன்னும் பெரிய அளவில். லண்டனில் ஜே. லயன்ஸ் என்ற கம்பெனி, தேயிலையைக் கலந்து பொட்டலம் கட்டி விற்று, ஊரெங்கும் தேநீர்க் கடைகளும் நடத்தியது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்குகள் அவர்களை அமுக்கின. அந்தக் கணக்கைப் போடும் கணினியை விற்க உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்த கணினிக்குப் பண உதவி செய்து, அதன் அமைப்பைப் பின்பற்றித் தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். பெயர் லியோ. 1951 நவம்பரில் அது லயன்ஸ் பேக்கரிக் கணக்கை ஒழுங்காகப் போடத் தொடங்கியது. வியாபாரக் கணக்கை வாடிக்கையாகப் போட்ட உலகின் முதல் கணினி அது. பிறகு சம்பளமும் போட்டது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஆளின் சம்பளக் கணக்கை ஒன்றரை விநாடியில் முடித்தது என்று சொல்வார்கள். 1954 இல் லியோவை விற்கத் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். 1963 இல் அது இன்னொரு கம்பெனியோடு கலந்தது, 1968 இல் ஐசிஎல் என்ற பெரிய கம்பெனிக்குள் கரைந்தது. எவரும் விற்காத காலத்தில் தனக்கென்று கட்டிய தேயிலைக் கம்பெனி, எல்லோரும் விற்கத் தொடங்கிய காலத்தில் அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்தது.

தேநீர் விற்ற ஊரில் கணினி சம்பளம் போட்ட அந்த வருடங்களிலும், அதற்கு முப்பது வருடம் கழித்தும், தேயிலை பறித்த ஊரில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசும் பென்சிலும்தான். அந்தத் தராசைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்று கழி கூட்டிக் கட்டி, நடுவில் வட்ட முகத் தராசைத் தொங்கவிடுவார்கள். காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. கொழுந்துச் சாக்கு கொக்கியில் ஏறியதும் முள் ஓடி, ஆடி, நிற்கும். கணக்கப்பிள்ளை ஐயா பாக்கெட் செக்ரோலில் பென்சிலால் எழுதுவார். மழை நாளில் ஒரு பொடியன் அவருக்குக் குடை பிடிப்பான். பெண்கள் வரிசையாக நின்று முள்ளையே பார்ப்பார்கள். எங்கள் பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். தராசு முள் எங்கே நின்றால் எத்தனை கிலோ என்பது மட்டும் அட்சரம் பிசகாமல் தெரியும். "ஐயா, முள்ளு இன்னும் நிக்கல. நின்ன பெறகு எழுதுங்க" என்பார். ஐயா முறைத்துப் பார்ப்பார், ஆனாலும் காத்திருப்பார். சில நாள் அழித்தும் எழுதியிருக்கிறார்.

அந்தி நிறுவை முடிந்து அம்மா லயத்துக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"இன்னைக்கு எவ்வளவும்மா?"

"மூணு நிறுவையும் சேத்து பதினெட்டு வந்துச்சு. பதினஞ்சுன்னு எழுதியிருக்காங்க."

"மத்த மூணு?"

"சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சிட்டாங்களாம்."

அந்த மூன்று கிலோவில் எங்கள் வீட்டுக் கணக்கு கவிழும். ஒரு நாள் வேலைக்கு இத்தனை கிலோ என்று நிர்வாகம் வரையறை வைத்திருக்கும். அதை எட்டினால் ஒரு பேர், எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கூட எடுத்த கிலோவுக்குத் தனிக் காசு. காலையில் மலையேறி அந்தி வரை நின்றவள் கழிவினால் அரைப்பேராகி வருவாள். கழிவு நியாயமா இல்லையா என்று சண்டை வரும், சங்கத் தலைவர் வருவார், சின்ன துரையிடம் போவார்கள். எப்போதும் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நிறுத்தது, என்ன கழித்தது, யார் கழித்தது என்ற மூன்றும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே நடந்தன. சண்டை பிடிக்க ஓர் ஆளும் ஓர் இடமும் இருந்தன.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்ட ஆபீஸ்களுக்குள் கணினி வந்தது. நான் படித்துவிட்டு முதலில் சேர்ந்தது, தோட்டங்களுக்குச் சம்பள மென்பொருள் விற்ற ஒரு சின்னக் கம்பெனியில். அந்த மென்பொருள் முதலில் ஆடைத் தொழிற்சாலைகளுக்காக எழுதப்பட்டது. அதற்கு மணி தெரியும், ஷிப்ட் தெரியும், ஓவர்டைம் தெரியும். அரைப்பேர் தெரியாது. காலையில் கொழுந்தெடுத்துவிட்டு மத்தியானம் நாற்றுமேடைக்குப் போனவளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாது. தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து கீழ்ப் பிரிவான பணியக் கணக்குக்கு ஒரு நாளைக்கு இரவல் போன ஆளின் செலவை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்பெனி தனியாகப் பணம் கேட்டது. தோட்டம் இரண்டு மூன்று திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அப்போது எனக்குத் தன் மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். உள்ளே எண்பது பக்கக் கொப்பிகள், மாதத்துக்கு ஒன்றாக. "தம்பி, சம்பளத்த நான் இதுலதான் போடுறேன். பெறகு மிசினுக்குள்ள குடுத்து, இதே தொகை வர்ற வரைக்கும் அதுல எதையாவது மாத்துவேன்" என்றார். பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம், ஐம்பது ரூபாய்க் கொப்பியின் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்த அச்சுத்தாளைப் பார்த்து, தோட்டம் கணினிமயமாகிவிட்டது என்று திருப்திப்பட்டார்கள்.

அதனால் செய்வதே மேல் என்று எழுந்து நிற்பவர்களுக்கும் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டம் பதில் வைத்திருக்கிறது. அங்கே ஆபீசில் இருந்த கெட்டிக்கார இளைஞர் ஒருவர் எக்செல்லில் செக்ரோல் முழுவதையும் எழுதிவிட்டார். பேர், அரைப்பேர், கூடுதல் கிலோ, ஞாயிற்றுக்கிழமை, சந்தா, முற்பணம் எல்லாம் உள்ளே. உண்மையிலேயே அழகான வேலை. பல வருடம் ஓடியது. பிறகு அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியது. அதுவரை அடிப்படை 700. இனி அடிப்படை 900, வரவு செலவுத் திட்டப் படி 100. ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று நினைத்து மாற்றினார்கள். அந்த 700 எத்தனை சூத்திரங்களுக்குள் ஒளிந்திருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஒரு சம்பளம் இரண்டாகப் பிரியும் என்று எழுதியவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்த மாதம் லயங்களில் எழுந்த கூச்சலை எனக்குச் சொன்னவர் என் சொந்தக்காரப் பெண், அங்கே கொழுந்தெடுப்பவர். கடைசியில் அந்தத் தோட்டமும் கொப்பிக்குத் திரும்பியது. 2024 செப்டம்பரில் சம்பளம் 1,350 ஆனபோது கொப்பியில்தான் போட்டார்கள்.

எங்கள் நிறுவனக் கூட்டங்களில் நான் இந்த இரண்டு தோட்டங்களின் கதையையும் சொல்வதுண்டு. இரண்டு கிழமையில் எழுதிவிடலாம் என்பது உண்மைதான். எழுதியதைப் பத்து வருடம் வளர்க்க வேண்டும் என்பதும் உண்மை. சட்டம் மாறும், வரி மாறும், கைபேசி மாறும், எழுதிய பிள்ளை ஆஸ்திரேலியா போகும். லீவுக்கும் சம்பளத்துக்கும் நாங்கள் உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் மென்பொருளை வாங்கினோம். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இந்த நாட்டில் எல்லா அலுவலகத்துக்கும் ஒன்றுதான், அதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிரலைச் சோதித்து வெளியிடும் கருவியை மட்டும் நாங்களே எழுதி, அதற்கென்று இருவரை நிரந்தரமாக வைத்திருக்கிறோம். எங்கள் வாடிக்கையாளர்களின் விசித்திரமான தேவைகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஒருவர் போனால் மற்றவருக்குத் தெரியும். இருவரைக் கொடுக்க மனமில்லாத கருவியைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

வாங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு, அதை 2022 காட்டியது. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டதும், ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஆளுக்கு மாதம் இத்தனை டொலர் என்று சந்தா கட்டிய மென்பொருள்கள் எல்லாம் ஓர் இரவில் விலையேறின. வங்கி அட்டையில் டொலர் கட்டவே முடியாத கிழமைகளும் இருந்தன. ஏற்றுமதி செய்து டொலர் சம்பாதித்தவர்கள் தாங்கினார்கள். உள்ளூருக்கு வேலை செய்த சிறிய கம்பெனிகள் தத்தளித்தன. தோட்டத்துக்கோ "ஆளுக்கு இத்தனை" என்ற விலையே பொருந்தாது. அலுவலகத்தில் நூறு பேர் என்றால் நூறு பேரும் கணினியைத் தொடுகிறார்கள். தோட்டத்தில் ஆயிரம் பேர் என்றால் தொடுவது ஆபீசிலிருக்கும் நாலு பேர். விற்பவர் ஆயிரத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்.

வாங்கும் வசதியில் கைவேலை எப்படி மறந்துபோகும் என்பதற்கு எங்கள் ஓடைகளே சாட்சி. ஒரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பல தங்கள் ஓடையில் சிறிய நீர்ச்சுழலி வைத்து, ஸ்டோருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுத்தன. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூலில் பொறியியலாளர் விமலசுரேந்திர அமைத்த சிறிய நிலையம் அந்தக் காலத்தது. 1950 இல் லக்ஸபான நீர்மின் நிலையம் வந்தது, அரச மின்சாரம் மலையேறியது, கம்பியை இழுத்துக்கொள்வது சுலபமாயிற்று. சுழலிகள் துருப்பிடித்தன, அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றார்கள். 1990களில் மின்சார சபை தனியாரின் சிறு நீர்மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் வாங்கத் தொடங்கியபோது, மலை ஓடைகளில் வேறு யார் யாரோ வந்து புதிதாக நிலையம் கட்டிச் சபைக்கு விற்றார்கள். தண்ணீர் தோட்டத்து வழியாகத்தான் ஓடியது. அதைத் திருப்பும் வித்தை தோட்டத்தில் இல்லாமல் போயிருந்தது.

கைவிட்ட வித்தையைத் திரும்பப் பெற விலை உண்டு. லண்டன் பங்குச் சந்தை, வெளியார் எழுதிக் கொடுத்த மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. 2008 செப்டம்பரில் ஒரு நாள் அது மணிக்கணக்காக நின்றுபோனது. மறு வருடம் அவர்கள் இங்கே மாலபேயில் இருந்த மில்லேனியம்ஐடி என்ற இலங்கைக் கம்பெனியை ஏறத்தாழ மூன்று கோடி டொலருக்கு முழுதாக வாங்கிக்கொண்டார்கள். மென்பொருளோடு, அதை எழுதியவர்களையும் சேர்த்து வாங்கினார்கள். 2011 பெப்ரவரியில் லண்டன் சந்தை இலங்கையில் எழுதிய நிரலில் ஓடத் தொடங்கியது. இந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு வந்த பெருமை பெரிது. நூறு மைல் தள்ளி எங்கள் மடுவத்தில் அப்போதும் சாக்குக் கழிவுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது என்பதும் கூடவே உறுத்தியது.

இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையைக் காட்டி, சாக்கை மாட்டினால், எடை நேரே கருவிக்குள் போய்விடுகிறது. யாரும் பென்சிலால் குறைத்து எழுத முடியாது என்பது பெரிய ஆறுதல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் சொந்தக்காரப் பெண் வேலை செய்யும் மலையில், திரை உத்தியோகத்தரின் பக்கம் பார்த்திருக்கிறது. கழிவு கருவிக்குள்ளேயே நடக்கிறது. "எத்தனை கழிக்கிறீங்க ஐயா?" என்று கேட்டால், "அது கம்ப்யூட்டர்ல போட்டு வந்திருக்கு, எனக்குத் தெரியாதும்மா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. பெரியம்மாவுக்குத் தராசு முள்ளிலிருந்து கிடைத்த தகவல், பத்தாம் வகுப்புப் படித்த இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பெருந்தோட்டக் கம்பெனி அண்மையில் எங்களிடம் வந்திருக்கிறது, தராசிலிருந்து சம்பளம் வரைக்கும் ஒரே அமைப்பாக எழுதித் தரச் சொல்லி. முழுவதையும் எழுத நான் ஒப்பவில்லை. தராசு, அட்டை, கைபேசி, பொதுக் கணக்கு எல்லாம் கடையில் கிடைப்பதை வாங்கச் சொன்னேன். சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்கில் எடையைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் பகுதியையும், கிலோவைப் பேராக்கும் விதிகளையும் மட்டும் நாங்கள் எழுதுகிறோம். அந்த விதிகள் நிரலுக்குள் புதையாது. தமிழில் ஓர் அட்டவணையாகத் தோட்ட ஆபீசில் இருக்கும். பெரிய கிளாக்கர் மாற்றலாம், மாற்றிய தேதியும் பெயரும் அதிலேயே பதியும். நோர்வூட் ஐயா ஓய்வுபெற்று டிக்கோயாவில் இருக்கிறார். விதிகளை எழுதும் நாட்களில் அவரை அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறோம், அவருடைய கொப்பிகளோடு.

கொழுந்தெடுப்பவர் கையில் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு துண்டு போக வேண்டும் என்பது என் மற்ற நிபந்தனை. மொத்த எடை, கழிவு, கழிவின் காரணம், மிச்ச எடை என்று நான்கு வரி, தமிழில். திரை இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். திரைக்கும் துண்டுக்கும் கம்பெனி சம்மதித்துவிட்டது. கழிவின் காரணத்தை எழுதும் வரிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. துண்டு நீளமாகிறது, காகிதச் செலவு கூடுகிறது என்கிறார்கள். காகிதச் செலவைக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் கழிக்கும் கொழுந்தின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. அந்த வரி இல்லாத பதிப்பு எங்கள் அலுவலகத்திலிருந்து எந்த மலைக்கும் போகாது என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டம் ஹட்டனில், தோட்டத்து ஆட்களும் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.